கைபேசியில் அனுப்பிய பணம் போய்விட்டால் எந்தக் கதவை முதலில் தட்டுவது?

யுபிஐ செயலியைக் கைபேசியில் ஏற்றிப் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். அந்தப் பணம் நடுவழியில் சிக்கிக்கொண்டாலோ வேறொருவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தாலோ யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. நெருங்கிய உறவினர் ஒருவருக்காக வங்கிக்கும் காவல் நிலையத்துக்குமாக அலைந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. அலைச்சலில் பெரும்பகுதி, பொருந்தாத இடத்தில் பொருந்தாத சொற்களில் புகார் கொடுப்பதால் வருகிறது. செயலி நிறுவனம் வங்கியைக் கைகாட்டும். வங்கி காவல் துறையைக் கைகாட்டும். காவல் நிலையமோ கணக்கு அறிக்கை வாங்கி வரும்படி வங்கிக்கே திருப்பி அனுப்பும். அதற்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருக்கும்.

இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு யுபிஐயைப் புதிதாகப் பயன்படுத்துவோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பணம் சற்றுமுன் மோசடியில் போயிருந்தால், இதை இங்கேயே நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

1. பணம் போவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை

வங்கியில் பதிவு செய்த கைபேசி எண்ணின் சிம் அட்டை, செயலியை நிறுவும் அதே கைபேசியில் இருக்க வேண்டும். பதிவின்போது அந்த எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும். அதற்குச் சாதாரணக் குறுஞ்செய்திக் கட்டணம் பிடிக்கப்படலாம். ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் இட வேண்டிய ரகசிய எண்ணான பின் (PIN) எண்ணை அமைக்க டெபிட் அட்டையின் கடைசி 6 இலக்கங்களும் அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும் தேவைப்படும். அட்டை இல்லாதவர்கள், வங்கிக் கணக்குடனும் அதே கைபேசி எண்ணுடனும் ஆதார் இணைந்திருந்தால், ஆதார் ஓடிபி மூலம் அமைக்கலாம். பணம் செலுத்துபவருக்குச் சாதாரண யுபிஐ பரிமாற்றத்தில் கட்டணம் இல்லை.

புதிய கைபேசியில் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்தில் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப இயலாது. இது பாதுகாப்புக்காக வைத்த வரம்பு. செயலியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, மோசடிக்காரரிடமே போய்ச் சிக்குபவர்கள் உண்டு.

அன்றாடச் செலவுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, அதை மட்டும் யுபிஐயுடன் இணைப்பது என் முதல் பரிந்துரை. ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் இருக்கும் கணக்கைக் கைபேசியில் ஏற்ற எந்தக் கட்டாயமும் இல்லை. சாதாரணப் பரிமாற்றத்தின் நாள் வரம்பு பொதுவாக 1 லட்சம் ரூபாய். அதைக் குறைத்துக்கொள்ளும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் குறைத்து வையுங்கள். சிறு தொகைகளுக்கென முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் யுபிஐ லைட்டில் பின் எண் இல்லாமலே பணம் செல்லும் என்பதையும், கைபேசி களவு போனால் அதில் போட்டு வைத்த தொகை ரொக்கம் போலவே போய்விடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இன்னொரு வேலை, ஒரு தாளை எடுத்து எழுதி வைப்பது. வங்கிக் கணக்கு எண், டெபிட் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள வங்கியின் உதவி எண், கைபேசியில் *#06# அழுத்தினால் தெரியும், அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண், 1930 ஆகியவை அதில் இருக்கட்டும். கைபேசியே தொலைந்த நாளில் இந்த எண்களைக் கைபேசியில் தேட முடியாது.

2. நேர்ந்தது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லா இழப்பையும் நாம் 'பணம் போய்விட்டது' என்றுதான் சொல்கிறோம். விதிமுறைகளின் கண்ணில் இவை நான்கு வேறு விவகாரங்கள். உங்கள் கணக்கில் பணம் கழிந்தும் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேராதது ஒன்று. நீங்களே எண்ணைத் தவறாகத் தட்டி, வேறொருவருக்கு அனுப்பிவிட்டது இரண்டாவது. ஒருவர் ஏமாற்றிப் பேசி, உங்கள் கையாலேயே பின் எண்ணைப் போடவைத்துப் பணத்தைப் பறித்தது மூன்றாவது. உங்களுக்குத் தெரியாமலே, போலி சிம் மூலமோ திருடிய கைபேசி மூலமோ பணம் எடுக்கப்பட்டது நான்காவது.

மூன்றாவதையும் நான்காவதையும் குழப்பிக்கொள்வதுதான் மிகப் பெரிய பொறி. 'பின் எண்ணை நான் போடவே இல்லை என்று எழுதுங்கள், அப்போதுதான் வங்கி பணம் தரும்' என்று அறிவுரை சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது இருப்பார்கள். எந்தக் கருவியிலிருந்து, எத்தனை மணிக்குப் பின் எண் சரிபார்க்கப்பட்டது என்ற பதிவு வங்கியிடம் இருக்கும். ஒரு பொய் வெளிப்பட்டால் உங்கள் புகாரின் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.

3. சான்றுகளைத் திரட்டுங்கள்

எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்பது ஏறக்குறைய இவற்றைத்தான்:

– பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண். யுடிஆர் என்றோ யுபிஐ குறிப்பு எண் என்றோ செயலியின் வரலாற்றுப் பகுதியில் இருக்கும்.
– தேதி, நேரம், தொகை, பணம் பெற்றவரின் யுபிஐ முகவரி, திரையில் தெரிந்த பெயர்.
– வங்கியிடமிருந்து வந்த குறுஞ்செய்தியும், அந்த நாளை உள்ளடக்கிய கணக்கு அறிக்கையும்.
– மோசடி என்றால், வந்த அழைப்புகளின் எண்கள், வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பப்பட்ட இணைப்பு.
– உங்கள் அடையாள அட்டையின் நகல்.

ஆத்திரத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். மோசடிக்காரரின் எண்ணைத் தடை செய்வதற்கு முன் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவிடுங்கள். சந்தேகத்துக்குரிய செயலி ஏதேனும் கைபேசியில் ஏறியிருந்தால் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து புகார் செய்யுங்கள்.

4. பணம் கழிந்தது, ஆனால் போய்ச் சேரவில்லை

நான்கில் எளியது இது, பொறுமைதான் வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒரு தனிநபருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்பிவிட வேண்டும். வணிகருக்குச் செலுத்தி, அவருக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால் 5 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் கேட்காமலே அதை வழங்க வேண்டும் என்பது விதி. வழங்காவிட்டால், கேட்டு எழுதும் கடிதத்தில் இந்தச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிடுவது நல்லது என்பது என் அனுபவம்.

'நிலுவையில் உள்ளது' என்று திரை காட்டும்போது உடனே மறுபடி அனுப்பாதீர்கள். சற்று நேரம் கழித்து முதல் பரிவர்த்தனையும் நிறைவேறிவிட்டால் இரட்டிப்பாகப் பணம் போகும். இரண்டும் உங்கள் சம்மதத்துடன் போனவை என்பதால் கூடுதல் தொகையை வணிகரிடம் கேட்டுப் பெறுவதே வழியாகிவிடும். கடையில் அவசரம் என்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, முன்பு அனுப்பிய தொகை வந்துவிட்டால் திருப்பித் தருவதாக ரசீதின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

புகாரை முதலில் செயலியின் உதவிப் பகுதியில், அந்தக் குறிப்பிட்ட பரிவர்த்தனையைத் திறந்து பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் உங்கள் கணக்குள்ள வங்கியிடமும், பிறகு யுபிஐயை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

5. தவறான நபருக்கு அனுப்பிவிட்டீர்கள்

இங்கே வங்கி தானாகப் பணத்தைத் திருப்பி எடுத்துத் தர முடியாது. பெற்றவரின் ஒப்புதல் வேண்டும். செயலியில் புகார் பதிவு செய்த அன்றே உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்கள் வங்கி, பெற்றவரின் வங்கியைத் தொடர்புகொண்டு அவரிடம் கேட்கச் சொல்லும். அவருடைய முகவரியை உங்களுக்குத் தர மாட்டார்கள். அவர் மறுத்தால் எஞ்சுவது வழக்கறிஞர் அறிவிப்பும் உரிமையியல் நீதிமன்றமும். சிறு தொகைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

ஆகையால் தடுப்பதே மேல். 2025 ஜூன் 30 முதல், பணம் பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் பணித்துள்ளது. பின் எண்ணைப் போடுவதற்கு முன் அந்தப் பெயரை உரக்கப் படியுங்கள். பெருந்தொகை என்றால் முதலில் 1 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

இதன் மறுபக்கமும் ஆபத்தானது. முன்பின் அறியாத ஒருவர் அழைத்து, 'தவறுதலாக உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்று கெஞ்சுவார். சில நேரங்களில் பணமே வந்திருக்காது. போலிக் குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கும். உண்மையிலேயே வந்திருந்தாலும், அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கக்கூடும். அதை அவர் சொல்லும் மற்றொரு எண்ணுக்கு அனுப்பினால், மோசடிச் சங்கிலியில் உங்கள் கணக்கும் ஒரு கண்ணியாகிவிடும். செயலியைத் திறக்காமல் வங்கியின் கணக்கு இருப்பைச் சரிபாருங்கள். பணம் வந்திருந்தால் உங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, வங்கி மூலமாகவே திருப்புங்கள்.

6. ஏமாற்றிப் பறித்துவிட்டார்கள்: 1930

இந்த வகையில் நேரமே எல்லாம். 1930 என்பது உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நடத்தும் ஏற்பாட்டின் உதவி எண். நீங்கள் கொடுக்கும் குறிப்பு எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே அனுப்பப்படும். பணம் அங்கே இன்னும் இருந்தால் அதை அசையவிடாமல் நிறுத்துவார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்பட்ட பணத்தை யாராலும் நிறுத்த முடியாது. எனவே முதலில் குடும்பத்தாரிடம் சொல்லி, பிறகு கிளை மேலாளரைப் பார்த்து, மறுநாள் புகார் கொடுக்கலாம் என்று இருப்பது, மோசடிக்காரருக்கு அவகாசம் கொடுப்பதாகும். வெட்கத்தால் தாமதிப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இணைப்புக் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னாலும், அதோடு நிறுத்தாமல், குறுஞ்செய்தியில் வரும் ஒப்புகை எண்ணைக் கொண்டு தளத்தில் முழுப் புகாரையும் சான்றுகளுடன் நிறைவு செய்ய வேண்டும். பிறகு உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குச் சென்று எழுத்துப் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

வழக்கமான தந்திரங்களை அறிந்துவைப்பது இந்தப் படியையே தேவையற்றதாக்கும். பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டாம். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். இந்த ஒன்று உறைத்தால் பாதி மோசடிகள் உங்களிடம் பலிக்காது. தனிநபர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பணம் கோரும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகையால் 'கோரிக்கை அனுப்புகிறேன், ஒப்புக்கொள்ளுங்கள்' என்று தனிநபர் யாரும் சொல்ல இடமில்லை. திருமண அழைப்பிதழ் என்றும் வாகன அபராத ரசீது என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) திறந்தால், உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் செயலி கைபேசியில் ஏறிவிடும். காணொளி அழைப்பில் காவல் அதிகாரி உடையில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் அழைப்பைத் துண்டியுங்கள். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது.

வங்கியின் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள் என்பதைத் திரும்பச் சொல்கிறேன். வங்கிகளின் இணைய முகவரிகள் பேங்க் டாட் இன் என்று முடியும்படி ரிசர்வ் வங்கி மாற்றச் சொல்லியிருக்கிறது. அந்த முடிவு உள்ள தளத்திலோ அட்டையிலோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

7. உங்களுக்குத் தெரியாமலே எடுத்துவிட்டார்கள்: வங்கியின் பொறுப்பு

1930ஐ அழைத்த கையோடு, வங்கியின் உதவி எண்ணில் யுபிஐ, டெபிட் அட்டை, இணைய வங்கி மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். கைபேசி தொலைந்திருந்தாலோ, காரணமின்றி சிக்னல் போய் அது திரும்ப வராமலே இருந்தாலோ, தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சிம்மை முடக்குங்கள். தொலைந்த கைபேசியை அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக நாடு முழுவதும் செயலிழக்கச் செய்யலாம். அதற்குக் காவல் துறைப் புகாரின் நகலும் ஐஎம்இஐ எண்ணும், ஓடிபி பெற மாற்று சிம்மும் வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

அடுத்து, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த பொறுப்பு வரம்புகள். தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது தெரிவித்தாலும் இழப்பு வங்கியைச் சேரும். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வேறெங்கோ நேர்ந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு ஏதுமில்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் உங்கள் தலையில் விழலாம். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் உள்கொள்கை முடிவு செய்யும். தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டுத்தான் வேலை நாள்களை எண்ண வேண்டும். இந்த வரம்புகள் திருத்தப்படக்கூடியவை. ஆதலால் வங்கியின் தளத்தில் உள்ள வாடிக்கையாளர் பாதுகாப்புக் கொள்கையின் நடப்புப் பதிப்பைப் பதிவிறக்கி, அதை மேற்கோள் காட்டியே கடிதம் எழுதுங்கள்.

பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்கள் பிறரிடம் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு முழுவதும் உங்களுடையது. தெரிவித்த பிறகு நேர்வது வங்கியினுடையது. எனவே எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். தொலைபேசியில் பேசினால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதே செய்தியை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கிளையில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் இடச் சொல்லுங்கள். 'கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்' என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

அந்தச் சுற்றறிக்கையின்படி, நீங்கள் தெரிவித்த 10 வேலை நாளுக்குள் சர்ச்சைக்குரிய தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையும் வங்கியுடையதே. நடைமுறையில், 'பின் எண் சரியாகப் போடப்பட்டுள்ளது, எனவே உங்கள் பொறுப்பு' என்ற ஒற்றை வரிப் பதில் வரக்கூடும். அப்போது எந்தக் கருவியில், எந்த எண் மூலம், எப்போது பதிவு நடந்தது என்ற விவரத்தை எழுத்தில் கேளுங்கள். கைபேசி புதிதாகப் பதிவான நேரமும் உங்கள் சிம் செயலிழந்த நேரமும் ஒத்துப்போனால், உங்கள் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று இல்லை.

8. வங்கி கைவிரித்தால்: ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்

2021இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மைத் தளத்திலோ, அஞ்சலிலோ அனுப்பலாம். விவரம் கேட்க 14448. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும்; அதை வங்கி நிராகரித்திருக்க வேண்டும், அல்லது 30 நாள் கடந்தும் பதில் வராதிருக்க வேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்டால் விசாரிக்காமலே திருப்பிவிடுவார்கள். அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். வழக்கறிஞர் மூலம் புகார் செய்யவும் இடமில்லை என்பதால், அதற்கெனப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

புகாரை ஒரு பக்கத்துக்குள் தேதி வரிசையில் எழுதுங்கள். வங்கி எந்த விதியை மீறியது, என்ன நிவாரணம் வேண்டும் என்ற இரண்டும் தெளிவாக இருக்கட்டும். உங்கள் மனவேதனையை விவரிக்கும் பத்தியை நானும் எழுதிப் பார்த்துப் பிறகு நீக்கினேன். முடிவெடுப்பவருக்கு வேண்டியது தேதிகள்.

9. நிறுத்திவைக்கப்பட்ட பணத்தைக் கையில் பெறுவது

1930 மூலம் ஒரு பகுதி நிறுத்தப்பட்டாலும் அது தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. எந்த வங்கியில், எவ்வளவு நிறுத்தப்பட்டுள்ளது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல நேரங்களில், அந்தப் பணத்தை உங்களிடம் ஒப்படைக்க உங்கள் பகுதிக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தின் ஆணை தேவைப்படும். மனுவுடன் முதல் தகவல் அறிக்கை, கணக்கு அறிக்கை, நிறுத்தப்பட்ட தொகை பற்றிய காவல் துறைக் கடிதம், அடையாளச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். மொத்த நடைமுறையில் வழக்கறிஞர் செலவு வருவது இந்த இடத்தில்தான். இதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் பிடிக்கும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; தகுதியுள்ளோருக்கு அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் இரண்டாவது மோசடி தேடி வரும். 'உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், செயலாக்கக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்' என்று அதிகாரி போலப் பேசுவார்கள். உங்கள் புகாரின் விவரம்கூடச் சொல்வார்கள். பணத்தை மீட்டுத் தர 1930ஓ, காவல் துறையோ, ரிசர்வ் வங்கியோ யுபிஐயில் கட்டணம் வாங்குவதில்லை.

மோசடிப் பணம் உங்கள் கணக்கைத் தொட்டதால் உங்கள் கணக்கே முடக்கப்பட்டிருந்தால், முடக்கச் சொன்ன காவல் நிலையத்தின் பெயரையும் புகார் எண்ணையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அது வேறு மாநிலமாகவும் இருக்கலாம். அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்கான ரசீதையோ விலைப்பட்டியலையோ இணைத்து அந்த நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். விடுவிப்பு ஆணை வந்ததும் வங்கியில் சிறு தொகை ஒன்றை எடுத்துப் பார்த்து, முடக்கம் முழுவதுமாக நீங்கியதற்கான கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணை வந்த பிறகும் வங்கியின் கணினியில் பழைய முடக்கக் குறி அப்படியே கிடப்பது உண்டு.